அறிவிப்புப் பலகை

ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வரும்போது, ஆலயத்தின் வடக்குத் தாழ்வாரத்தில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வீடு திரும்புவது என் வழக்கம். அங்கே சுவரில் பச்சை வண்ணம் பூசிய பலகையொன்று தொங்குகிறது. என் சிறுவயதில் அதே இடத்தில் வேறொரு பலகை தொங்கிற்று. அதில் திருமண அறிவிப்பு இருக்கும். அன்பியக் கூட்டங்களின் நாளும் நேரமும் இருக்கும். திருவிழா வரி பாக்கி வைத்திருப்போரின் பட்டியல் இருக்கும். கடைசியாகச் சொன்னதைத்தான் ஊர் மிகுந்த ஆர்வத்தோடு படிக்கும்.

இப்போது அதே பலகையில் வேறு மூன்று தாள்களும் ஒட்டப்படுகின்றன. ஒன்றின் தலைப்பு ‘வேலை’. அடுத்தது ‘பயிற்சி’. மூன்றாவது ‘இளையோர்’. வாரந்தோறும் அவை மாற்றப்படுகின்றன. பலகையின் முன் நின்று படிக்கும் இளைஞர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியும் வெட்கமும் ஒருசேர எழுகின்றன. மகிழ்ச்சிக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. வெட்கத்திற்கான காரணத்தைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் குமரி மாவட்டத்தின் மேற்குக் கடலோரத்தில் உள்ளது. ஆனி, ஆடி மாதங்களில் கடல் எங்கள் வாசல்வரை வந்து பேசும். அந்த நாள்களில் கடலுக்குப் போகாதவன் வீட்டில் அடுப்பு எரிவது அரிது. போகிறவன் திரும்புவது உறுதியில்லை. 1979ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு காலை, கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், அலை உடையும் இடத்தில், கட்டுமரம் ஒன்று கவிழ்ந்தது. அதில் என் தம்பி இருந்தான். அவனுக்கு வயது 17. பள்ளி இறுதித் தேர்வில் தேறி, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல், சித்தப்பாவோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

அவனைக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதுதான் எங்கள் குடும்பத்தால் இன்றுவரை தாங்கமுடியாத செய்தி. கடல் அவனைக் கொண்டுபோகவில்லை. எங்கள் கைகளில்தான் கொடுத்தது. சித்தப்பா அவனைத் தலைகீழாகத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் ஓடினார். வயிற்றிலுள்ள நீர் வெளியேற வேண்டும் என்பது நம்பிக்கை. பின்னர் ஒரு குடத்தைக் கவிழ்த்து, அதன்மேல் அவனைக் குப்புறக் கிடத்தி முதுகை அமுக்கினார்கள். சிலர் உள்ளங்கால்களைச் சூடு பறக்கத் தேய்த்தார்கள். பெண்கள் செபமாலை சொன்னார்கள். நான் அப்போது ஆசிரியர் பயிற்சிக்காக நகரத்து விடுதியில் இருந்தேன். ஊர் வந்து சேர்ந்தபோது அவன் வெள்ளைத் துணிக்குள் இருந்தான். “தூக்கும்போது மூச்சு இருந்தது மக்கா” என்று சித்தப்பா ஒருமுறை சொன்னார். அதன்பிறகு அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

ஆண்டுகள் உருண்டன. ஆசிரியராகப் பணியாற்றி 2015இல் ஓய்வு பெற்றேன். ஊரில் படித்தவன் என்ற மதிப்பில் பங்குப்பேரவையின் செயலர் பொறுப்பும் என்னிடம் வந்தது.

2017 நவம்பர் 30ஆம் நாளை இம்மாவட்டத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். வங்காள மொழியில் கண் என்று பொருள்படும் ‘ஒக்கி’ என்ற பெயரோடு வந்த புயல் குமரிக்கு அருகே கடந்து சென்றது. கரையில் வாழையும் ரப்பரும் முறிந்து விழுந்தன. மின்கம்பங்கள் சாய்ந்து ஊர்கள் இருளில் மூழ்கின. ஆனால் உண்மையான இருள் கடலில் இருந்தது. பல நாள் தங்கல் பயணமாக ஆழ்கடல் சென்றிருந்தவர்களை எச்சரிக்கை எட்டவே இல்லை. படகுகளில் இருந்த வானொலிக் கருவியின் பேச்சு அத்தனை தொலைவுக்குப் போகாது. கவிழ்ந்த படகின் அடிப்பகுதியையும் வெற்று எண்ணெய்க் கேன்களையும் பற்றிக்கொண்டு மிதந்து பிழைத்தவர்கள் திரும்பி வந்து சொன்ன கதைகளைக் கேட்டு நாங்கள் உறைந்துபோனோம். திரும்பி வராதவர்களின் வீடுகளில் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு விண்மீன் விளக்கு ஏற்றப்படவில்லை.

மறு ஆண்டு பேரவைக் கூட்டத்திற்கு ஊர் இளைஞர்கள் பதினோரு பேர் வந்தார்கள். கையில் ஒரு மனு. பத்து நாள் திருவிழாவில் வாணவேடிக்கைக்கும் இன்னிசைக் கச்சேரிக்கும் ஆகும் செலவில் ஒரு பங்கை ஒதுக்கித் தாருங்கள் என்று கேட்டார்கள். எதற்காம்? கடலில் உயிர்காக்கும் பயிற்சிக்கு. வேலைவாய்ப்புச் செய்திகளைத் திரட்டித் தரும் ஒரு மேசைக்கு. ஆலயத்தின் பின்புறம் முள் மண்டிக் கிடக்கும் நிலத்தைத் திருத்தி ஒரு விளையாட்டுத் திடல் அமைப்பதற்கு. பங்குத்தந்தைக்கு இதில் விருப்பம் இருந்தது. ஆயினும் மக்கள் முடிவுக்கே விட்டுவிட்டார்.

நான் எழுந்து பேசினேன். “உயிர்க்கவச உடை கொடுப்பது அரசாங்கத்தின் வேலை. வேலை தேடிக்கொள்வது படித்தவனின் வேலை. பந்து உதைப்பது வேலையில்லாதவனின் வேலை. இதில் கோயிலுக்கு என்ன வேலை?” என்றேன். கூட்டம் சிரித்தது. அந்த வாக்கியத்தை நானே மனத்திற்குள் இரண்டு முறை பாராட்டிக்கொண்டேன். மனு தோற்றது. இளைஞர்கள் மறுபேச்சில்லாமல் கலைந்து சென்றார்கள்.

எட்டு மாதங்கள் கழித்து, அந்தப் பதினொருவரில் ஒருவன் ஓர் இரவு என் வீட்டிற்கு வந்தான். என்னிடம் படித்த மாணவன். அவன் அம்மா சங்கிலியை விற்று, மீதிக்கு வட்டிக்கு வாங்கி, கப்பல் வேலைக்காக மூன்று இலட்சம் ரூபாய் ஒரு முகவரிடம் கட்டியிருந்தான். துறைமுக நகரில் பதினைந்து நாள் ஒரு அறையில் தங்கவைத்துவிட்டு முகவர் மறைந்துவிட்டார். அவர் கொடுத்த நியமனக் கடிதத்தை என் முன் நீட்டினான். விளக்கைத் தூண்டிப் படித்தேன். கப்பலுக்குப் பெயர் இல்லை. உரிம எண் இருக்கவேண்டிய இடத்தில் ஏதோ ஒரு முத்திரை. ஆங்கிலத்தில் வரிக்கு ஒரு பிழை. இரண்டு நிமிடங்களில் சொல்லிவிட்டேன், “இது போலி” என்று.

அவன் கோபப்படவில்லை. “சார், இவ்வளவு லேசாச் சொல்றீங்க. பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைக் காட்டுறதுக்குத்தான் சார் அன்னைக்கு ஒரு மேசை கேட்டோம்” என்றான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நாற்பது ஆண்டுகளாக நான் புதைத்து வைத்திருந்த ஒன்று மேலே வந்தது. 1979இல், என் தம்பி இறப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், எங்கள் விடுதியின் அறிவிப்புப் பலகையில் கப்பற்படைக்கு ஆள் எடுக்கும் விளம்பரம் ஒட்டியிருந்தது. அவன் வயதும் படிப்பும் அதற்குப் பொருந்தும். நான் படித்தேன், அடுத்த தாளுக்குப் போய்விட்டேன். பதினைந்து காசு அஞ்சல் அட்டையில் இரண்டு வரி எழுதிப் போட எனக்குத் தோன்றவில்லை. எழுதியிருந்தால் அவன் தேர்வாகியிருப்பான் என்று சொல்லமுடியாது. ஆனால் ஒரு செய்தி என்னிடம் இருந்தது. அது தேவைப்பட்டவனிடம் போய்ச் சேரவில்லை. ஊரில் படித்தவன் என்று என்னைச் சொல்வதற்கு அப்படியானால் என்ன பொருள்?

அடுத்த கூட்டத்தில் நானே மனுவை மீண்டும் எடுத்து வைத்தேன். முன்பு சிரித்தவர்கள் இப்போது என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அது எனக்கு வேண்டியதுதான். மனு இம்முறை தேறியது.

மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். 2019இல் அந்த நாள்களையே பள்ளிக்கூடமாக்கிக்கொண்டோம்.

முதலில் வாசகசாலையில் வேலை மேசை. சனிக்கிழமை மாலைகளில் நானும், வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவரும், கல்லூரி மாணவியர் இருவரும் அமர்ந்தோம். எங்களுக்கே தெரியாதவை எத்தனை! சென்னை இராயபுரத்தில் 1968 முதல் மத்திய மீன்வளக் கடல்சார் பொறியியல் பயிற்சி நிறுவனத்தின் பிரிவு இயங்குகிறது; பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்குக் கலம் செலுத்தவும் கலத்தின் எந்திரத்தைப் பழுது பார்க்கவும் அங்கே இரண்டாண்டுப் படிப்பு உண்டு; உதவித்தொகையும் உண்டு. கடலிலேயே பிறந்த எங்கள் ஊரில் அதன் பெயரை அறிந்தோர் மூவர். கடற்படையிலும் கடலோரக் காவல்படையிலும் சேர விரும்பும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் தனிப்பயிற்சி அளிக்கிறது. இதையும் அப்போதுதான் அறிந்தோம்.

ஏமாறாமல் இருக்கும் வழிகளையும் கற்றோம். வணிகக் கப்பலுக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் பெற்றிருக்கவேண்டும். வேலை தருவதற்காக மாலுமியிடம் அது பணம் வாங்கக்கூடாது. பணம் கேட்டாலே அது பொய்க் கதவு என்று அறிக. வளைகுடா நாடுகளுக்கு மீன்பிடி வேலைக்கு அழைப்பவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றவராக இருக்கவேண்டும். பலகையில் ‘வேலை’ என்ற தாளில் எதை ஒட்டினாலும், உரிம எண்ணைச் சரிபார்த்து அதன் அடியில் சரிபார்த்தவர் கையொப்பமிட வேண்டும் என்பது நாங்கள் வகுத்த விதி. கையொப்பமில்லாத தாள் கிழிக்கப்படும்.

இரண்டாவது, பயிற்சி. உயிர்க்கவச உடையைப் பற்றிப் பேசத் தொடங்கியதுமே எதிர்ப்பு வந்தது. அதை அணிந்தால் வெக்கை தாங்காது. மடி இழுக்கும்போது வாரில் கயிறு சிக்கும். கடலை நம்பாதவன்தான் அதைப் போடுவான். முதல் இரண்டும் நியாயமானவை. கடற்படையில் இருந்து ஓய்வு பெற்று, பக்கத்து ஊரிலிருந்து பயிற்றுநராக வந்தவர் அவற்றை மறுக்கவில்லை. வலை இழுக்கும்போது போடமுடியாவிட்டாலும், அலை உடையும் இடத்தைக் கடக்கும்போதும், இரவில் தனியே விளிம்பில் நிற்கும்போதும் போடுங்கள் என்றார். மூன்றாவதற்கு மட்டும், “கடலை நம்புங்க, ஆனா கடல் உங்களுக்கு வாக்குக் கொடுத்ததா?” என்று கேட்டார். ஆள் கடலில் விழுந்தால் ஒருவர் அவரை விட்டுக் கண்ணெடுக்காமல் விரலால் சுட்டிக்கொண்டே நிற்க வேண்டும். மிதக்கும் எதையும் உடனே வீச வேண்டும். 1554 என்ற எண் கடலோரக் காவல்படைக்கு, 1093 கடலோரக் காவல் நிலையத்திற்கு. இவற்றைப் பிள்ளைகள் பாட்டுப்போல மனப்பாடம் செய்தார்கள்.

மூன்றாம் நாள் ஒரு பொம்மையைத் தரையில் கிடத்தினார். நீரில் மூழ்கியவரைக் கரைசேர்த்ததும் செய்யவேண்டியவை பற்றிய பாடம். “தலைகீழாகத் தூக்காதீர்கள். குடத்தின்மேல் போடாதீர்கள். நுரையீரலில் போன தண்ணீர் அப்படி வராது. வயிற்றில் இருப்பது மூச்சுக்குழாய்க்குள் போகும். பொன்னான நிமிடங்கள் வீணாகும்” என்றார்.

நான் சுவரோரம் நின்றிருந்தேன். என் கண்கள் முன்வரிசைக்குப் போயின. அங்கே சித்தப்பா அமர்ந்திருந்தார். வயது 78. கூட்டம் என்றால் வந்து முன்னால் அமர்வது அவர் பழக்கம். அவரை அழைத்து வெளியே கொண்டுபோய்விடலாமா என்று நினைத்தேன். கால் எழவில்லை. பயிற்றுநருக்கு எதுவும் தெரியாது. அவர் பாடத்தைத் தொடர்ந்தார். மல்லாக்கக் கிடத்து. மூச்சு இருக்கிறதா பார். இல்லையென்றால் தலையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கைப் பிடித்து, முதலில் வாயோடு வாய் வைத்து ஊது. பிறகு மார்பின் நடுவே இரு கைகளால் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமுக்கு. நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை. 30 அமுக்கு, 2 ஊதல். மருத்துவ உதவி வரும்வரை நிறுத்தாதே.

அரங்கம் அமைதியாக இருந்தது. சித்தப்பா மெல்ல எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். பொம்மையின் அருகே வந்து முழங்காலிட்டார்.

“தம்பி, இன்னொரு தடவை காட்டுங்க” என்றார்.

பயிற்றுநர் காட்டினார். துடுப்புப் பிடித்துக் காய்த்த கைகளை மார்பின் நடுவே வைத்து அவர் அமுக்கத் தொடங்கினார். இளைஞர்கள் சத்தமாக எண்ணினார்கள். முப்பது வந்ததும் குனிந்து ஊதினார். மீண்டும் அமுக்கினார். போதும் என்று பயிற்றுநர் தோளைத் தொட்ட பிறகும் அவர் நிறுத்தவில்லை. நான் வெளியே வந்து குருசடித் திண்ணையில் அமர்ந்து அழுதேன். சிறிது நேரத்தில் அவரும் வந்து பக்கத்தில் அமர்ந்தார். நெடுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தெரியாமப் போச்சே மக்கா” என்றார். நாற்பது ஆண்டுகளில் என் தம்பியைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டது அந்த ஒரு வாக்கியந்தான். அடுத்த நாளும் அவர் பயிற்சிக்கு வந்தார்.

மூன்றாவது, இளையோர். திடலைத் திருத்தியதும் பந்து உருண்டது. எங்கள் மாவட்டத்தில் தூத்தூர் வட்டாரக் கடற்கரை ஊர்களின் கால்பந்துப் பித்து ஊரறிந்தது. எங்கள் ஊர் மட்டும் விலக்கா? ஆனால் நான் காணத் தவறியது வேறொன்று. வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் தலைமுறையாகப் பேசுவதில்லை. ஒரே அணியில் ஆடத் தொடங்கியபின், யார் எந்த வீட்டுப் பிள்ளை, யாருக்கு எப்படி நீந்தத் தெரியும், யார் இரவில் அழைத்தால் வருவான் என்பதெல்லாம் ஒருவருக்கொருவர் தெரிந்தது. ஆபத்து வேளையில் ஓடி வருவதற்கு முன்பே அறிமுகம் வேண்டும் அல்லவா? அதைத் திடல் செய்தது.

பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிப்பது பற்றி வந்தபோது மறுபடியும் சலசலப்பு. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது கொளச்சலிலும் மணக்குடியிலும் மாண்டவர்களில் பெண்களும் குழந்தைகளும் எத்தனை பேர் என்று ஒரு தாய் எழுந்து கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. ஊர்க் குளத்தில், பெண்கள் காவலிருக்க, பெண்களே கற்றுத்தர, வகுப்பு தொடங்கியது. கடலோரத்தில் பிறந்தும் நீந்தத் தெரியாத ஒரு தலைமுறையை நாமே வளர்த்துக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

எல்லாம் வெற்றி என்று எழுதினால் அது பொய்யாகும். உயிர்க்கவச உடைகளில் சில இன்றும் படகில் தலையணையாக இருக்கின்றன. வேலை கிடைத்தவர்கள் ஊரைவிட்டுப் போக, படகுக்கு ஆள் குறைந்தது என்று சிலர் என்னைக் கோபிக்கிறார்கள். 2020இல் பெருந்தொற்று வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. மீண்டும் தொடங்கப் பெரும்பாடு பட்டோம். மூன்று இலட்சத்தை இழந்த அந்த மாணவனுக்கு அது திரும்பக் கிடைக்கவில்லை. அவன் கடனை அடைத்துக்கொண்டே வேலை மேசையில் என் பக்கத்தில் அமர்கிறான். தாள்களைச் சரிபார்ப்பதில் அவன் கண் என் கண்ணைவிடக் கூர்மையானது.

“இதில் கோயிலுக்கு என்ன வேலை?” என்று கேட்டேனே, அதற்கான விடையைப் பின்னர் ஒரு பழைய ஒப்பந்தத்தில் கண்டேன். 1852இல் தூரின் நகரில் ஒரு தச்சரிடம் வேலை பழகச் சென்ற சிறுவனுக்காகத் தொன் போஸ்கோ எழுதி, தாமும் கையொப்பமிட்ட தாள் அது. தொழிலை முழுமையாகக் கற்றுத்தர வேண்டும். பையனைத் தொழிலுக்குத் தொடர்பில்லாத வேலைக்கு ஏவக்கூடாது. திருத்துவது சொல்லால் இருக்கவேண்டும், அடியால் அன்று. விழா நாள்களில் அவனை முழுமையாக விட்டுவிட வேண்டும். அந்த நாள்களில் பையன்கள் அவருடைய முற்றத்தில் ஓடி விளையாடினார்கள். வேலை, பாதுகாப்பு, விளையாட்டு மூன்றும் ஒரு புனிதரின் மேசையில் ஒன்றாகவே இருந்தன. நான்தான் அவற்றைப் பிரித்து, ஒவ்வொன்றையும் வேறொருவர் தலையில் கட்டி, கைகழுவிக்கொண்டேன்.

சித்தப்பா இப்போது இல்லை. வாணவேடிக்கை பத்து நிமிடம் குறைந்ததை ஊரில் யாரும் குறையாகச் சொன்னதாக நான் கேட்கவில்லை.

சென்ற ஞாயிறு பலகையில் நீச்சல் வகுப்புக்கான தாள் புதிதாக ஒட்டப்பட்டிருந்தது. அடியில் பெயர் எழுதக் கோடுகள். முதல் கோட்டில், இன்னும் முற்றாத கையெழுத்தில், என் பேத்தியின் பெயர். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. தானே படித்து, தானே எழுதியிருக்கிறாள்.

அன்பர்களே, உங்கள் பங்கிலும் ஒரு பலகை இருக்கும். அடுத்த ஞாயிறு ஒரு நிமிடம் அதன்முன் நின்று பாருங்கள். அங்கே இல்லாத ஒரு செய்தி உங்கள் சட்டைப் பையில் இருக்கலாம். அதை எழுதி ஒட்டிவிட்டு வீடு செல்லுங்கள்.